தொடர்பில் உள்ள உறவினர்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். நீயும் உன் மனைவியும் உன் மாமனார் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் வயிற்றெரிச்சல் என்ன ஆயிற்று? ஆபீஸ் கேன்டீன் டீயை நிறுத்து என்று போன கடிதத்திலேயே எழுதினேன். நீ கேட்டிருக்க மாட்டாய்.

போனில் பேசலாமே என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். காது கேட்காதவளிடம் போனில் என்ன பேசுவாய்? நான் இங்கே 'என்னடா? என்னடா?' என்று கத்த, நீ அங்கே 'ஒண்ணுமில்லக்கா' என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் உன்னிடமிருந்து இரண்டு பக்கமாவது கறந்துவிடுகிறேன்.

நான் தனியாக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்கிய மேற்பார்வையாளருக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? இங்கே தனியாக வசிக்கிற வயதானவர்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் ஒரு சாப்பாட்டு வண்டி வருகிறது. சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் அரசாங்கம் பணம் தருகிறது. ஆட்கள் மட்டும் தன்னார்வமாக வருகிறவர்கள். வண்டி ஓட்டுகிறவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவருக்கு உதவியாக நானும் கூடப் போகிறேன்.

அந்த மனிதர் ஒவ்வொரு வீட்டிலும் அரைமணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். சம்பளம் வாங்கிய காலத்தில் எந்த ஸ்டாப்பிலும் இவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார். எங்கள் கட்டிடத்தில் தரைத்தளத்து வீட்டில் ஒரு கடிகார ரிப்பேர்காரர் இருக்கிறார், எண்பது வயது. டிரைவர் சாப்பாட்டை நீட்டினால் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "நாலு நிமிஷம் லேட்டு" என்பார். "எட்டுத் தெரு சுத்தி வரேன், அதைக் கழிச்சுக்குங்க" என்பார் டிரைவர். வாரத்துக்கு இரண்டு தரம் இந்தச் சண்டை நடக்காவிட்டால் இரண்டு பேருக்கும் தூக்கம் வராது.

மூன்று மாடி ஏறி இறங்குவதால் என் முட்டி நன்றாக இருக்கிறது. கவலைப்படாதே.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் திருப்திக்காக எழுதுகிறேன், டீ மூன்றிலிருந்து இரண்டாகிவிட்டது.

நீ சாப்பாட்டு வண்டியில் போகிறாய் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த டிரைவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. டப்பாக்களை ஓரம் பார்த்து அடுக்கச் சொல்லி அவர் உயிரை வாங்கிக்கொண்டிருப்பாய். அந்த மாதிரி வண்டிகளுக்கெல்லாம் பணம் ஒதுக்குகிற பிரிவில்தான் உன் தம்பி உட்கார்ந்திருக்கிறான், தெரியும் அல்லவா?

ஒரு சந்தோஷச் செய்தி. இந்த வருட ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டார்கள். சந்தோஷம் அது இல்லை, பொறு. யாருக்கு நிறுத்துவது என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது நான்தான் வழி சொன்னேன். படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: 'மாதம் ஒருமுறையாவது உங்களோடு தொடர்பில் உள்ள உறவினர் உண்டா?' உண்டு என்றால் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்த உறவினர். இல்லை என்றால் அரசாங்கம். யாருமே இல்லாதவர்களின் சாப்பாட்டில் கை வைக்காமல் பட்டியல் குறைந்துவிடும்.

மேலதிகாரி என் தோளில் தட்டி, "இத்தனை நாள் இந்த மூளைய எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார். பதினெட்டு வருட வேலையில் முதல் தடவை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே? பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. விரல் கொஞ்சம் வீங்கியிருந்தது, வேறொன்றுமில்லை.

உன்னை மேலதிகாரி பாராட்டினார் என்று படித்ததும் டிரைவரிடமும் கடிகாரக்காரரிடமும் சொன்னேன். என்ன காரியத்துக்காகப் பாராட்டினார் என்று சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். கடிதம் போடுவதும் தொடர்புதானா? எங்கள் வண்டியில் சாப்பாடு வாங்குகிற ஒரு அம்மாவுக்காகக் கேட்கிறேன். அவருக்கு ஒரே ஒரு சொந்தம், ரொம்ப தூரத்தில். மாதம் தவறாமல் கடிதம் வந்துவிடும். ஆள் வந்து சில வருடங்கள் ஆகின்றன. குறை சொல்லவில்லை, அவரவர்க்கு ஆயிரம் வேலை. அந்த அம்மா என்ன எழுத வேண்டும்?

லீவுக்கு வருகிறேன் என்று போன வருடம் எழுதியிருந்தாய். சும்மா நினைவுபடுத்தினேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

விரல் வீக்கத்துக்கு டாக்டரிடம் காட்டினாயா? காட்டிவிட்டு எழுது.

உன் சந்தேகத்துக்குப் பதில்: கடிதம், போன் எல்லாமே தொடர்புதான். அந்த அம்மா 'உண்டு' என்றுதான் எழுத வேண்டும். 'இல்லை' என்று எழுதினால் பொய்த் தகவல் ஆகிவிடும். நீ நடுவில் புகுந்து கருணை காட்டி மாட்டிக்கொள்ளாதே. மாதம் தவறாமல் கடிதம் எழுதுகிற மனிதருக்குக் கொஞ்சமாவது சூடு சொரணை இருக்காதா? சாப்பாடு நின்றுவிட்டது என்று தெரிந்தால் ஓடி வருவார். அதற்காகத்தான் இந்தக் கேள்வியே.

லீவு விஷயம்: மாமனாருக்குக் கண் ஆபரேஷன். ரயிலிலேயே போக இரண்டு நாள், வர இரண்டு நாள் போய்விடுகிறது. வருடக் கடைசியில் கட்டாயம் பார்க்கலாம்.

உன் அன்புத் தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மாமனாருக்குக் கண் தெளிவாகத் தெரிகிறதா? விசாரித்ததாகச் சொல்.

படிவம் வந்தது. அந்த அம்மா நீ சொன்னபடியே 'உண்டு' என்று எழுதிவிட்டார். கடிகாரக்காரரும் அப்படித்தான். மகன் ஞாயிறு தவறாமல் போன் செய்கிறானாம், பெருமையாகக் கொட்டை எழுத்தில் எழுதினார். எங்கள் பகுதியில் நாற்பத்தொரு பேர் இருந்த பட்டியலில் இப்போது பதினான்கு பேர். வண்டி எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. நானும் போவதில்லை.

இங்கே ஒரு குறையும் இல்லை. ரொட்டி நன்றாகக் கிடைக்கிறது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மே மாதம் முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எனக்கு நினைவு தெரிந்து இப்படி ஆனதில்லை. நான் எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தனவா? என் மேல் கோபமா? கோபமென்றால் நாலு பக்கம் திட்டி எழுதுவாயே தவிர, வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லையே நீ.

வண்டி வேலை போய்விட்டதில் வருத்தமா? வேறு சேவைக் குழுக்கள் இருக்கும். உன்னை மாதிரி ஓடியாடி வேலை செய்கிறவர்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உடனே பதில் போடு.

உன் அன்புத் தம்பி


ஜூன் 12

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தாங்களும் குடும்பத்தாரும் நன்றாக இருக்க வேண்டும். நான் தங்கள் அக்கா வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த டிரைவர். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. டிரிப் ஷீட் எழுதித்தான் பழக்கம், அதனால் நேரப்படி எழுதுகிறேன்.

எங்கள் பட்டியல் குறைந்த பிறகு உங்கள் அக்கா இருக்கிற கட்டிடத்துக்குப் பெட்ரோல் கிடையாது. மனசு கேட்காமல் போன வியாழக்கிழமை டவுன் பஸ் பிடித்துப் போனேன். மாலை 4.15. தரைத்தளத்தில் கடிகாரக்காரர் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சமையலறையில் கால் மட்டும் தெரிந்தது. செவ்வாய் மதியம் விழுந்தவர். இரண்டு நாளாக ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். கதவை உடைத்துப் போனபோது உயிர் இருந்தது. என்னைப் பார்த்து, "லேட்டு" என்றார். "ரெண்டு நாள் லேட்டு." நாற்பது வருடம் பஸ் ஓட்டியிருக்கிறேன், விபத்தும் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை ஐயா. அவரை ஆம்புலன்சில் ஏற்றினேன். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது.

5.30க்கு மூன்றாம் மாடி. தங்கள் அக்காவுக்குத் தட்டினால் கேட்காது. அதனால் கதவு நிலையில் துளை போட்டு ஒரு கயிறு விட்டிருக்கிறோம். வெளியிலிருந்து இழுத்தால் அவர் நாற்காலிக்கு எதிரே தொங்குகிற சிவப்புத் துணி ஆடும். இழுத்தேன். முன்பெல்லாம் மூன்று நிமிடத்தில் கதவுக்கு வந்துவிடுவார். அன்று பதினொரு நிமிடம். ஆள் பாதியாகிவிட்டார், பேனா பிடிக்கவும் தெம்பில்லை. உள்ளே ரொட்டி, தண்ணீரில் ஊறிய பிஸ்கட், அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை ரொட்டி வாங்கி வந்து வாசலில் வைக்கிறாராம். லிப்ட் நின்று இரண்டு வருடமாகிறது. தங்கள் அக்கா படி இறங்கி ஒன்றரை வருடமாகிறது. இரண்டு வருடமாக எங்கள் பட்டியலில் இருந்தவர். எனக்கே, 'சூப்பர்வைசரம்மா, டப்பாவ நேரா வைக்கட்டுமா?' என்று கேட்டுச் சிரிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை நிறையாது.

சாப்பாட்டை நிறுத்திய தாளைக் காட்டினார். 'இவரைப் பராமரிக்கும் பொறுப்பு தொடர்பில் உள்ள உறவினரைச் சேரும்' என்று அச்சடித்திருக்கிறது. மேசைமேல் தங்கள் கடித உறை இருந்தது. தொடர்பில் உள்ள உறவினர் தாங்கள்தான் என்று விலாசத்தைக் குறித்துக்கொண்டேன். அவருக்கு இது தெரியாது.

இந்தக் கேள்வியை எந்த மகராசன் எழுதினாரோ தெரியாது. அவரை ஒரு நாள் என் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போக ஆசை.

இப்படிக்கு,
டிரைவர்


ஜூன் 20

அக்கா,

டிரைவர் எழுதிவிட்டார். அவர் மேல் கோபப்படாதே.

ஆபீசில் வைத்துப் படித்தேன். அந்த வரி என்னுடையது அக்கா. 'பொறுப்பு தொடர்பில் உள்ள உறவினரைச் சேரும்' என்று என் கையால் எழுதி, எழுத்துப் பிழை பார்த்து, அச்சுக்குக் கொடுத்த வரி. அது எனக்கே தபாலில் வந்திருக்கிறது. அந்த அம்மாவின் சொந்தக்காரருக்குச் சூடு சொரணை இருக்காதா என்று நான் உனக்கே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு நீ மாமனாரின் கண்ணை விசாரித்திருக்கிறாய். எப்படி அக்கா முடிந்தது?

ஏன் பொய் சொன்னாய்? படி இறங்க முடியாதென்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? இங்கே வந்துவிடு. கூடத்தில் ஒரு கட்டில் போடலாம். அதுவரைக்கும் உன் பெயரைத் தனி அனுமதியில் பட்டியலில் சேர்க்க என்னால் முடியும். ஒரே ஒரு கையெழுத்து. நாளைக்கே போடுகிறேன்.

இன்றே ரயில் ஏற வேண்டும் போலிருக்கிறது. தணிக்கை நடக்கிறது, லீவு கேட்டால் கொடுக்க மாட்டார்கள். கேட்டுப் பார்க்கிறேன்.

தம்பி


ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

கடிகாரக்காரர் போன புதன்கிழமை ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். மகன் வந்திருந்தான். கீழ்ப்படியில் உட்கார்ந்து, "ஒரு ஞாயித்துக்கிழமைகூட மறக்கலையே, ஒரு தடவைகூட மறக்கலையே" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதானாம். டிரைவர் எழுதிக் காட்டினார். அவன் பொய் சொல்லவில்லை. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. எனக்குக் கீழே மூன்று மாடி தள்ளி ஒரு மனுஷன் இரண்டு நாள் கூப்பிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். நான் மேலே பிஸ்கட்டை ஊறவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். காது கேட்டிருந்தால்? அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தனி அனுமதி எனக்கு வேண்டாம். அந்தக் கையெழுத்தைப் போட்டாயோ, உன் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். இருபத்தேழு பேரை எடுத்துவிட்டு, அதிகாரியின் அக்காவை மட்டும் சேர்த்தார்கள் என்றால் டிரைவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? சேர்ப்பதானால் மீதி இருபத்தாறு பேரையும் சேர். இப்போது இருபத்தைந்து.

கூடத்தில் கட்டில் போட்டால் உன் மாமனார் எங்கே படுப்பார்? யோசித்து எழுது.

ஏன் 'உண்டு' என்று எழுதினேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பேனாவை எடுத்து 'இல்லை' என்று எழுதப் போனேன். தம்பி உயிரோடு இருக்கும்போது அப்படி எழுத என் கை வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். வண்டியில் உதவிக்குப் போகிறேன் என்றது, நீ கவலைப்படக் கூடாது என்று. கொஞ்சம் வீம்பும் உண்டு.

லீவு கேட்டாயா?

அக்கா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? டிரைவர் சொந்தச் செலவில் சாப்பாடு கொண்டுவருகிறார் என்று எழுதியிருந்தார். அவருக்கு நான் என்ன சொல்வது?

மேலதிகாரியிடம் கடிகாரக்காரரின் கதையைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, "இது வெளிய தெரிஞ்சா என்னய்யா ஆகும்?" என்றார். ஆள் செத்ததைவிட அதுதான் அவருக்கு அதிர்ச்சி. எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டே காரியத்தைச் சாதித்துவிட்டேன். என் கேள்வியை எடுத்துவிட்டு வேறு கேள்வி வைக்கச் சம்மதித்தார்: 'கடைசியாக உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த உறவினர் யார்? எப்போது?' ஒரு மாதத்துக்குள் யாரும் வரவில்லை என்றால் சாப்பாடு உண்டு. முதலில் உங்கள் பகுதியில் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் புதுப் படிவம் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்போம்.

உண்மையை எழுது. வேறொன்றும் செய்ய வேண்டாம்.

தணிக்கை முடிந்ததும் லீவு என்று சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி


செப்டம்பர் 16

அக்கா,

உன் படிவம் என் மேசைக்கு வந்தது. கட்டாக வந்த படிவங்களில் ஒன்பதாவது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக எடுத்தேன். படித்ததும் தூக்கிவாரிப் போட்டது.

'என் தம்பி. போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான்.'

எழுத்து கோணாமல், மடித்த விரிப்பு மாதிரி, எவ்வளவு நேர்த்தியாக ஒரு பொய்! எதிர் மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா வீட்டுக்குப் போயிருந்தீங்களா சார்? சொல்லவே இல்லையே" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன் அக்கா. ஆட்டிவிட்டேன். எனக்கு மரியாதை வாங்கிக் கொடுப்பதற்காக இன்னொரு தடவை சாப்பாட்டை விட்டுக்கொடுத்திருக்கிறாய்.

சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் வந்த பிறகு சிவப்பு மையில் அந்த வரியை அடித்தேன். அதன் கீழே, 'இது உண்மையல்ல. கடைசியாக வந்தது நான்கு வருடம் ஏழு மாதத்துக்கு முன். மதியம் வந்து மாலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்' என்று எழுதி, 'உறவினர்' என்று கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். மேலதிகாரி கூப்பிட்டார். "யாருய்யா இந்த உறவினர்?"

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "அந்தப் பழைய கேள்வியும் நீதானே?"

"ஆமா சார்."

மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். கதவு திறந்திருந்ததால் வெளியே எல்லோருக்கும் கேட்டிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாலைந்து பேர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்கள்.

தம்பி


அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் வயிறு எப்படி? இந்தக் களேபரத்தில் டீ மறுபடி நாலாகியிருக்கும்.

உனக்கென்ன பைத்தியமா? ஆபீஸ் முழுக்கப் பார்க்கிற தாளில் இப்படியா எழுதுவாய்? டிரைவர் அனுமதித் தாளோடு அதன் நகலையும் கொண்டுவந்து கொடுத்தார். உன் மேசைக்குத்தான் வரும் என்று தெரிந்தும் நான் எப்படி உண்மையை எழுதுவேன்? பக்கத்து மேசைக்காரர்கள் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அதற்காகத்தான் இரண்டு நாள் என்று எழுதினேன். ஒரு நாள் என்று எழுதினால் குறைவாக இருக்குமே என்று யோசித்து யோசித்து எழுதினேன். நீ அதை அடித்துவிட்டாய்.

அன்று ரொம்ப நேரம் அழுதேன். கோபத்தில்தான் என்று முதலில் நினைத்தேன். இல்லை.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. தரைத்தளத்துக் கதவுக்கு முன்னால் டிரைவர் பழக்கத்தில் நின்றுவிட்டாராம். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தார். சாப்பாடு சூடாக இருந்தது. அரைமணி நேரம் இருந்தார். உன் கடிதங்களைக் காட்டினேன். 'அந்தக் கேள்விய எழுதின மகராசன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு' என்று தாளில் எழுதிக் காட்டினார். அவருடைய பக்கத்து சீட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம்.

அடுத்த படிவம் மார்ச்சில் வரும். நான் இனிமேல் பொய் எழுத மாட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்பதை நீயே பார்த்துக்கொள். நீ வந்தால் சாப்பாடு நின்றுவிடுமே என்று பயப்படாதே, டிரைவரிடம் பேசிவிட்டேன்.

வந்தால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதே, எனக்குக் கேட்காது. நிலைக்கு வலது பக்கம் ஒரு கயிறு தொங்கும். அதை இழு.

அன்புடன்,
அக்கா